வீடு முழுக்க அடைசல், கை வைக்க மனசே வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மாலைத்தென்றல்:

வணக்கம். எங்கள் வீட்டில் சாமான் ரொம்பச் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் குப்பை என்று சொல்லிவிட முடியாது, ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தேவைப்பட்டு வாங்கியதுதான். ஆனால் இப்போது மேஜை மேல் ஒரு நோட்டை விரித்து வைத்து எழுத இடமில்லை, துணி குவிந்து கிடக்கிற நாற்காலியில் யாரும் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது, பின்னறைக் கதவு பாதிதான் திறக்கும், ஏனென்றால் அதற்குப் பின்னால் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன.

எப்படி அடுக்குவது, எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் தெரியாமல் இல்லை. வீடியோ பார்த்திருக்கிறேன், பட்டியலும் போட்டிருக்கிறேன். பிரச்சினை தொடங்குவதில்தான். வேலை முடிந்து வந்தால் உடம்பில் தெம்பு இருப்பதில்லை, லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அறை வாசலில் நின்றதுமே மலைப்பாகிவிடுகிறது. ஒரு பொருளைக் கையில் எடுப்பேன், வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பேன், முடிவுக்கு வர முடியாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்று போன் செய்தால் சந்தோஷத்துக்கு முன்னால் பதற்றம்தான் வருகிறது. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

இந்த நிலையிலிருந்து வெளியே வந்தவர்கள் இருந்தால், மனசை எப்படித் திருப்பினீர்கள் என்று சொல்லுங்கள்.


நடைவண்டி:

தோழி, மனசு வந்த பிறகு தொடங்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இந்த வேலையில் அது முன்னால் வருவதே இல்லை. கொஞ்சம் செய்து, செய்த இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மெல்ல எட்டிப் பார்க்கும். தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970களில் பீட்டர் லெவின்சோன் போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த ஒரு முறையே இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. மனநிலை சரியாகட்டும் என்று இருக்காமல் சின்னச் சின்ன வேலைகளை முதலில் செய்ய வைப்பார்கள், மனநிலை அதைத் தொடர்ந்து மாறும். இன்றைக்கும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த "முடிவுக்கு வர முடியாமல்" என்ற இடம். களைப்பு, சாமானைத் தூக்கி இறக்குவதால் வருவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கட்டுமா போகட்டுமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதனால்தான் வருகிறது. அதனால் முதல் சுற்றில் தீர்ப்பே வேண்டாம். கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். காலி அட்டை, கிழிந்த கவர், மை தீர்ந்த பேனா, மூடி தொலைந்த டப்பா, உடைந்த ஹேங்கர், தேதி தாண்டிய விளம்பரத் தாள், இப்படி யாரைக் கேட்டாலும் குப்பை என்று சொல்கிற சாமான் மட்டும் பைக்குள் போகட்டும். ஒரு பொருளைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாலும் சரி, அதைத் தொடாமல் நகர்ந்துவிடுங்கள், அது இன்றைய வேலை இல்லை. பை நிறைந்ததும் அப்போதே வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும்.

அடுத்த சுற்றில், ஏற்கெனவே இடம் இருக்கிற பொருள்கள். கத்தரிக்கோலுக்கு ஓர் இடம் உண்டு, அது சோபா மேல் கிடக்கிறது, அவ்வளவுதான், கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. இந்த இரண்டு சுற்றிலேயே வீடு பார்க்க வேறு மாதிரி ஆகிவிடும், இன்னும் நீங்கள் ஒரு கடினமான முடிவுகூட எடுத்திருக்க மாட்டீர்கள்.

நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் படிப்பதற்காகக் கண்டுபிடித்த முறையில் 25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவேளை. உங்களுக்குத் தொடக்கத்தில் 10 நிமிடமே போதும். அடித்ததும் நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்று தோன்றினாலும். இது பலருக்கு விசித்திரமாகப் படும், ஆனால் தொடங்கினால் ராத்திரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்ற பயம் இருக்கிற வரைக்கும் மனசு அடுத்த நாள் வர மறுக்கும், 10 நிமிடம் என்றால் நிஜமாகவே 10 நிமிடம்தான் என்று தெரிந்தால் வந்துவிடும்.

வீடியோக்களில் அலமாரி முழுவதையும் எடுத்துக் கட்டில் மேல் கொட்டுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நாள் முழுக்க நேரமும் கூட இரண்டு பேரும் இருந்தால் சரி, வேலையிலிருந்து வந்த ஒருவர் தனியாகச் செய்தால் ராத்திரி படுக்க இடமிருக்காது. அப்புறம், அடுக்கி வைக்கப் புதுப் பெட்டிகள் வாங்குவது. எது மிஞ்சப் போகிறது என்று தெரிவதற்கு முன்னால் பெட்டி வாங்கினால் வீட்டில் அதுவும் ஒரு சாமான்தான்.

எப்போது, எந்த இடம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதும் உதவும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியதுதான்: இது நடந்ததும் இதைச் செய்வேன் என்று குறிப்பாகத் திட்டமிட்டவர்கள், செய்ய வேண்டும் என்று பொதுவாக நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். "இந்த வாரம் வீட்டை ஒழுங்குபடுத்தணும்" என்று சொல்லிக்கொள்வதைவிட "வந்து பையை இறக்கி முகம் கழுவியதும் மேஜையின் வலது ஓரம்" என்று சொல்லிக்கொள்வது நல்லது.


கருவிழி:

நடைவண்டி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த இரண்டு சுற்றும் முடிந்த பிறகு தயங்கி விட்டுவைத்த சாமான்தான் வீட்டில் பெரும்பகுதி இருக்கும், அதை என்ன செய்வது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் தவித்தது அங்கேதான்.

நம்முடையது என்றாலே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடும். இதைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980இலேயே எழுதிவிட்டார், பிறகு 1990இல் அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் சேர்ந்து வெளியிட்ட பரிசோதனைகள் பிரபலம்: மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு குவளையைக் கொடுத்தார்கள், கையில் கிடைத்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் அதை விற்க அவர்கள் கேட்ட விலை, குவளை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் வைத்திருந்த குவளைக்கே அப்படியென்றால் பல வருஷம் கூட இருந்த பொருளுக்கு எப்படி இருக்கும்! அதனால் "இதை விட்டுவிடலாமா" என்று கேட்டால் மனசு எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இது என் வீட்டிலேயே இல்லை என்று வைத்துக்கொள்வோம், இன்றைக்குப் போய் இதை வாங்கி வருவேனா? இந்தக் கேள்விக்குப் பதில் சட்டென்று வரும்.

காசு போட்டு வாங்கியதாயிற்றே என்ற உறுத்தல் வேறு. போட்ட காசு போனது போனதுதான், பொருளை அலமாரியில் அடைத்து வைப்பதால் அது திரும்பி வராது, கூடவே இடமும் போகிறது. யாராவது உபயோகிக்கிற இடத்துக்கு அது போனால்தான் அந்தக் காசுக்கும் ஓர் அர்த்தம்.

நினைவுப் பொருள்களை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். அம்மாவின் தையல் டப்பா என்னிடம் இருந்தது, வட்டமான தகர டப்பா, மூடியைத் திறக்க நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டும். உள்ளே ஜோடி சேராத பட்டன்கள், துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிய ஊக்குகள், இழுத்தால் பொடிப்பொடியாக உதிர்கிற எலாஸ்டிக், நூல் தீர்ந்த மரக் கட்டைகள், அம்மாவின் விரலுக்கு மட்டும் பொருந்துகிற ஓர் அங்குஸ்தான். வருஷக்கணக்கில் அதைத் தொடவே முடியவில்லை. கடைசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணி மேல் பரப்பி நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தேன், அங்குஸ்தானையும் ஒரு பெரிய நீலப் பட்டனையும் வைத்துக்கொண்டேன், மீதியை விட்டுவிட்டேன். படத்தைப் பார்க்கும்போது டப்பாவைப் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. இதில் ஆராய்ச்சியும் உண்டு. மார்க்கெட்டிங் துறைப் பேராசிரியர்கள் மூவர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்தின் விடுதிகளில் நன்கொடைக்குப் பொருள் சேகரித்தபோது, கொடுப்பதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்ட மாணவர்கள் அதிகப் பொருள்களைக் கொடுத்தார்கள். நமக்குப் பிரிய மனமில்லாதது பெரும்பாலும் அந்த நினைவைத்தான்.


குயில்:

நான் வேறு ஒரு கோணத்தில் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா. இவ்வளவு நாள் செய்யாமல் இருந்ததற்குச் சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அறை வாசலில் நின்றதும் மலைப்பு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கண் முன்னால் நிறையப் பொருள்கள் இருந்தால் மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன, ஒன்றில் கவனத்தை நிறுத்துவது கடினமாகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மெக்மெயின்ஸ், காஸ்ட்னர் இருவரும் 2011இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால் நான் செய்வது, வேலை செய்கிற மூலையை மட்டும் விட்டுவிட்டு மீதிக் குவியல் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிடுவது. ஆச்சரியமான அளவுக்கு வித்தியாசம் தெரிகிறது.

2010இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வும் உண்டு. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அடைசல், முடியாத வேலை என்று அதிகம் பேசிய பெண்களுக்கு, சாதாரணமாகக் காலையில் கூடியிருந்து பொழுது சாயச் சாய நன்றாகக் குறைய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அந்த அளவுக்குக் குறையவில்லை. அடைசல்தான் காரணம் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் உங்களுக்கு ஓய்வே கிடைக்காத மாதிரி இருக்கிறது என்றால் அது வெறும் கற்பனை இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டு வேலை மட்டும்தான் இப்படித் தள்ளிப்போகிறதா, அல்லது தூக்கம், பசி, பிடித்த விஷயங்கள் எல்லாவற்றிலுமே ஆர்வம் குறைந்திருக்கிறதா? இரண்டாவது என்றால் அலமாரியை விட்டுவிட்டு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதே மாதிரி எந்தப் பொருளைப் பிரிந்தாலும் தாங்க முடியாத வேதனை, அறைகளை அறைகளாகவே பயன்படுத்த முடியாத அளவுக்குக் குவியல் என்றிருந்தால் அது தனியாக ஒரு மனநலப் பிரச்சினை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் 2013 முதல் தனி நோயாகவே சேர்த்திருக்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.


மாலைத்தென்றல்:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லணும். குயில், தூக்கமும் பசியும் நன்றாகத்தான் இருக்கின்றன, அக்கறையோடு கேட்டதற்கு நன்றிம்மா. பையை எடுத்துக்கொண்டு குப்பைச் சுற்று செய்துவிட்டேன், நினைத்ததைவிட வேகமாகப் பை நிறைந்துவிட்டது, மேஜையின் ஒரு பாதி மரம் தெரிகிறது. யோசிக்கவே வேண்டாம் என்றதுதான் எனக்குப் பெரிய விடுதலை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, காகிதமும் வயரும். எந்த ரசீது வேண்டும், எந்தச் சார்ஜர் எதற்கு என்றே தெரியவில்லை, என்றைக்காவது தேவைப்படுமே என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டாவது, பாதிச் சாமான் என் கணவருடையது. அவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.


எழுதுகோல்:

காகிதம், வயர் இரண்டும் என் பேட்டை.

ஒரு வருஷம் தொடாத பொருளைத் தூக்கிப் போடு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டுப் பத்திரத்தை எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை தொடுகிறோம்? நான் பார்ப்பது வேறு: தேவைப்படும்போது இது திரும்பக் கிடைக்குமா, கிடைக்க எவ்வளவு அலைய வேண்டும்? பிறப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், படிப்புச் சான்றிதழ், முக்கியமான மருத்துவ ரிப்போர்ட் இவையெல்லாம் அலைச்சல் வகை, ஒரே கோப்பில் போட்டு மேலே எழுதி வைத்துவிட வேண்டும். வரிக் காகிதங்களை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது அவரவர் நாட்டுச் சட்டப்படி, அதைப் பார்த்து அந்த வருஷத்தை உறை மேலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் பயன்பாட்டுக் கையேடு பெரும்பாலும் தயாரித்தவர்களின் இணையதளத்திலேயே இருக்கும், அதை வைத்திருக்க வேண்டாம்.

வாரண்டிக்காக வைத்திருக்கிற ரசீதுகளை இன்றைக்கே படம் எடுங்கள். கடையில் தரும் வழவழப்பான ரசீது சூட்டில் எழுத்து விழுகிற தாள், வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் மங்கி வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும், தேவைப்படுகிற அன்று எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பழைய காகிதத்தை அட்டைப்பெட்டியில் ஈரமான சுவரோரம் வைத்திருந்தால் அதை முதலில் பிரித்துவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் காகிதம், பசை, கஞ்சி எல்லாம் ஆகாரம், சும்மா இருக்கிற பெட்டிதானே என்று விட்டால் நல்ல புத்தகங்களுக்கும் பரவும்.

வயர் விஷயத்தில், ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கருவிகளை எல்லாம் மேஜை மேல் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் வயரைச் சேருங்கள், சேர்ந்ததில் ஒரு டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். எதனோடும் சேராமல் மிஞ்சுவதுதான் போக வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து விற்பனைக்கு வரும் போன்கள் எல்லாம் யூஎஸ்பி-சி துளையோடுதான் வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பெரும்பாலான நிறுவனங்கள் மற்ற இடங்களுக்கும் அதையே அனுப்புகின்றன, அதனால் வேறு வடிவ முனையுள்ள பழைய சார்ஜர்களைக் குவித்து வைப்பதில் அர்த்தம் குறைந்துகொண்டே வருகிறது.

இதில் மட்டும் கவனம்: பழைய போன், பவர் பேங்க், லேப்டாப் பேட்டரி இதையெல்லாம் குப்பைப் பையில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரி கண்ணில் பட்டால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். போனைக் கொடுப்பதற்கு முன்னால் படங்களைப் பிரதி எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். சுருள் வடிவ சிஎஃப்எல் பல்பில் பாதரசம் இருக்கிறது, அதுவும் தனி.


நடைவண்டி:

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பொருள் எதையும் அவருக்குத் தெரியாமல் வெளியே அனுப்பாதீர்கள், அது பத்து வருஷம் தொடாத பொருளாக இருந்தாலும். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அப்புறம் நீங்கள் எதைத் தொட்டாலும் சந்தேகமாகப் பார்ப்பார், தேவையில்லாததையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். உங்களுடையதை மட்டும் முதலில் முடியுங்கள். பொதுவாகப் புழங்குகிற இடத்தில் அவர் சாமான் இருந்தால் அவருக்கென்று ஓர் அலமாரித் தட்டையோ மூலையையோ ஒதுக்கி அங்கே கொண்டுபோய் வையுங்கள், அது நிறைந்ததும் எது இருக்கணும் எது போகணும் என்பது அவர் பாடு. நீங்களே முடிவெடுத்துக் கேட்காதீர்கள், "இந்த ரெண்டில் எது உங்களுக்கு அதிகம் வேண்டும்" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல வைப்பதைவிட இது சுலபம்.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள். கொடுக்க வேண்டியதைப் பையில் கட்டி வாசலோரம் வைப்பார்கள், அது அங்கேயே இருக்கும், ஒரு மாதத்தில் யாராவது அதைப் பிரித்து இரண்டு சட்டையைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். பை கட்டுவதற்கு முன்னாலேயே அது எங்கே போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், எந்தக் கிழமை என்பதை முடிவு செய்யுங்கள். கொடுக்கிற இடத்துக்கு முதலில் போன் செய்து என்ன வாங்குவார்கள் என்று கேட்டுவிடுங்கள், பல இடங்களில் புத்தகம் வாங்குவார்கள், மெத்தை வாங்க மாட்டார்கள். துணி என்றால் துவைத்து, ஜிப், பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். கிழிந்ததை அங்கே தள்ளினால் நம் வீட்டுக் குப்பையைப் பிரிக்கிற வேலை அவர்கள் தலையில் விழும்.